மதிக்கு ஒரு சத்தமில்லாத பொட்டி

எங்க வூட்ல சத்தமே இல்லன்னு நான் சத்தியம் பண்ணிச் சொன்னேன். கம்பெனிக்காரன் நம்பல. ஃபிர்தௌஸ் நம்பல. பக்கத்து வூட்டு பட்டம்மாக்கா, நான் இன்னா சொன்னாலும் தலையாட்டுற மனுஷி, அதுவே நம்பல. காண்டாவுமா ஆவாதா, நீங்களே சொல்லுங்க.

மொதல்லேந்து சொல்றேன். என் பேரு செங்குட்டுவன். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்ல ஜெபசிங் அண்ணாச்சி யார்டுல கேஸ் கட்டிங் வேல. கிரேன்காரன் பெரிய பெரிய பிளேட்ட எறக்குவான், நான் அளவுக்கு வெட்டிக் குடுப்பேன். மீச மொளைக்கறதுக்கு முன்னாலேந்து அங்கதான் கீறேன். வூடு புளியந்தோப்பு, ஹவுசிங் போர்டு, ரெண்டாவது மாடி. ஒரு ரூமு, ஒரு கிச்சனு, நானு, என் பொண்டாட்டி மதி. புள்ள குட்டி இல்ல. அத்த வுடுங்க, அது இந்தக் கதையில வராது.

மதி நல்லாப் படிப்பா. பரீட்சைக்குப் படிக்கிறது இல்ல, வாய் வுட்டுப் படிக்கிறது. எங்க புத்த விஹார்ல நாயித்துக்கிழம அல்லாரும் குந்திக்கினு இருப்போம், அவதான் மைக்கு முன்னால நின்னு படிப்பா. அவ படிக்க ஆரம்பிச்சா ஓடிக்கினு இருக்கிற பசங்க கூட அப்டியே குந்திடும். எக்ஸ்போர்ட் கம்பெனியில தைச்சுக்கினு இருந்தவ, முதுகு புடிச்சிக்கிச்சுன்னு வூட்டோட நின்னுட்டா. நின்னதுலேந்து மூஞ்சி தொங்கிப் போச்சு. சோறு ஆக்குவா, துணி தொவைப்பா, ஜன்னலாண்ட நின்னு பஸ்ஸப் பாத்துக்கினு இருப்பா. 

அப்பதான் விஹாருக்கு வர்ற ஒருத்தர் ஒரு கம்பெனியப் பத்திச் சொன்னாரு. புஸ்தகத்த வாய் வுட்டுப் படிச்சி ரெக்கார்டு பண்ணிக் குடுக்கணுமாம், ஜனங்க போன்ல போட்டு காதுல மாட்டிக்கினு கேப்பாங்களாம். மதி போன்ல ஒரு பக்கம் படிச்சி அனுப்புனா. அவங்களுக்குக் கொரலு புடிச்சிப் போச்சு. இம்மாம் பெரிய நாவலு ஒண்ணு கீது, வூட்லேந்தே படிக்கலாம், ஆனா நல்ல மைக்குல, கம்ப்யூட்டர்ல ரெக்கார்டு பண்ணணும், பின்னால ஒரு பொட்டு சத்தம் இருக்கக் கூடாதுன்னாங்க. சாம்பிள் பாஸாச்சுன்னா புக்கு உங்களுக்கு, இல்லன்னா வேற ஆளுக்கு. அத்தச் சொல்லும்போது மதி மூஞ்சியில ஒரு வெளிச்சம் வந்துச்சு பாருங்க, கல்யாணத்தன்னிக்குக் கூட நான் அத்தப் பாக்கல. இன்னா ஆனாலும் சரி, அந்தப் புக்கு வேற ஒருத்தி கைக்குப் போவக் கூடாதுன்னு நான் முடிவு பண்ணிட்டேன்.

செகண்ட் ஹாண்ட்ல ஒரு கம்ப்யூட்டரு வாங்கியாந்தேன். எத்த எங்க வைக்கிறது, எப்டிச் சத்தம் இல்லாம பண்றதுன்னு பிளான் போட்டது ஃபிர்தௌஸ். எதிர் பிளாக்கு, மதியோட ஸ்கூல் தோஸ்து, ராயபுரத்துல ஒரு ஷிப்பிங் ஆபீஸ்ல கம்ப்யூட்டரு, நெட்டு அல்லாத்தையும் அவதான் பாத்துக்கறா. ஒரு நாயித்துக்கிழம மத்தியானம் வந்து, ரூமு நடுவுல சம்மணம் போட்டுக் குந்திக்கினு, யாரும் வாயத் தொறக்காதீங்கன்னு சொல்லிட்டுக் கண்ண மூடிக்கினா. தூங்கிட்டாளோன்னு பாத்தேன். கண்ணத் தொறக்காமலே ஒவ்வொண்ணாச் சொல்ல ஆரம்பிச்சா.

வெளிய போற பஸ்ஸயும் ஆட்டோவையும் நம்மளால நிறுத்த முடியாது, அதனால பசங்க ஸ்கூலுக்குப் போன அப்பால, தண்ணி லாரி வர்றதுக்கு முன்னால ரெக்கார்டு பண்ணிக்கணும். ஃபேன நிறுத்தணும், ஃபிரிட்ஜு பிளக்கப் புடுங்கணும், மறுபடி சொருவ மறந்தா பாலு கெட்டுடும், அது மதி பொறுப்பு. மைக்கு பீரோவுக்கும் செவுத்துக்கும் நடுவுல, சுத்தி ரஜாய், அதான் பஞ்சு வச்ச போர்வ, தொங்க வுடணும், அப்பதான் கொரலு செவுத்துல பட்டுத் திரும்பாது. அல்லாத்தையும் சொல்லிட்டு கம்ப்யூட்டரக் கைய நீட்டிக் காட்டி, இதுதான் பெரிய பேஜாருன்னா. உள்ள சின்ன ஃபேனு, வேகமாச் சுத்துது, உர்ருன்னு ஒரு சத்தம் வந்துகினே கீதாம்.

எங்க உர்ருங்குது, கம்முனுதான கீதுன்னேன். ஃபிர்தௌஸ் மதியப் பாத்தா. மதி செவுத்தப் பாத்தா. அன்னிக்கு நான் அத்தக் கண்டுக்கல.

சின்ன ஃபேனு எடுத்துட்டு மெதுவாச் சுத்துற பெரிய ஃபேனு போடணும், சுத்துற டிஸ்க்க எடுத்துட்டுச் சுத்தாத டிஸ்க்கு போடணும். அதுக்கும் மேல, பொட்டிய இந்த ரூமுலயே வைக்கக் கூடாது, செவுத்துல ஓட்ட போட்டு வயர அந்தப் பக்கம் வுட்டு, பட்டம்மாக்கா வூட்ல வைக்கணும். இங்க டிவி மாதிரி மானிட்டரு, கீபோர்டு, மைக்கு ஒண்டிதான் இருக்கணும். இதுதான் அவ பிளானு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. நம்ம பொட்டிய எதுக்குமா அடுத்தவங்க வூட்ல வைக்கணும், நான் எதுக்குக் கீறேன்னு கேட்டேன்.

யார்டுல அண்ணாச்சி ஒரு ஜெனரேட்டரு வச்சிருக்காரு. சைலண்ட் ஜெனரேட்டர்னு பேரு. சுத்தி இரும்புல கூடு போட்டிருப்பாங்க, பக்கத்துல நின்னு பேசலாம். அத்தினிப் பெரிய ஜெனரேட்டரையே இரும்பு அடக்குதுன்னா, இந்தத் தம்மாத்துண்டு பொட்டி எம்மாத்திரம். மூணு எம்எம் ஷீட்டு எடுத்து, அளவு பாத்து வெட்டி, நாலு பக்கமும் வெல்டு வச்சி, கைப்பிடியெல்லாம் போட்டு ஒரு கூடு பண்ணேன். கிரைண்டர் புடிச்சி மூலையெல்லாம் மழமழன்னு ஆக்குனேன். ஷேர் ஆட்டோக்காரன் பொட்டிக்கும் ஒரு சீட்டுன்னுட்டான். ஜெனரேட்டர் கூட்டுக்கு உள்ள பஞ்சு மாதிரி ஒண்ணு ஒட்டியிருப்பாங்க, காத்து போவ வழி வுட்டிருப்பாங்கன்னு எனக்கு இன்னா தெரியும். நான் வெளிய இரும்பத்தான பாத்தேன்.

வூட்ல கம்ப்யூட்டர அதுக்குள்ள வச்சி மூடிட்டு, மதியையும் பட்டம்மாக்காவையும் நிக்க வச்சி, இப்ப சொல்லுங்க எங்க சத்தம்னு கேட்டேன். எனக்கு அவ்ளோ பெருமை. பட்டம்மாக்கா, தம்பி அது வந்துன்னு ஆரம்பிச்சுது. மதி அது கையப் புடிச்சா.

"சுத்தமா இல்ல மாமா. நல்லா அடக்கிடுச்சு."

அன்னிக்கே பீரோ ஓரமாக் குந்திப் படிச்சி அனுப்புனா. நான் வேலைக்குப் போய்க்கினே அல்லார்கிட்டயும் சொன்னேன், என் பொண்டாட்டி புக்கு படிக்கப் போறா, பொட்டி நான் பண்ணதுன்னு. ரெண்டு நாளு கழிச்சி கம்பெனிலேந்து பதில் வந்துச்சு. சத்தம் ஓவரா கீது, இப்டி இருந்தா எடுக்க முடியாது, கொரலு நல்லா இருக்கறதால இன்னும் ஒரு சாம்பிள் பாக்கறோம், அதோட சரின்னாங்க. நான் எகிறிட்டேன். இவனுங்க காதுல இன்னா கொழுப்பா, நம்மள மாதிரி ஆளுங்கன்னா டபாய்க்கலாம்னு நெனைக்கிறானுங்க, போன் நம்பரக் குடு, நான் கேக்கறேன்னு குதிச்சேன். மதி போனக் குடுக்கல. வுடு மாமா, நமக்கு அது ஒத்து வராதுன்னா. அவ்ளோ ஆசைப்பட்டவ இப்டிச் சட்டுன்னு வுட்டுட்டாளேன்னு எனக்கு அதுவும் காண்டாச்சு.

மறுநாளு மத்தியானம் யார்டு வெளிய டீக்கடைல நின்னுக்கினு இருந்தேன். தோள்ல யாரோ தட்டுனாங்க. திரும்பிப் பாத்தா ஃபிர்தௌஸ். ஆபீஸுக்கு லீவு சொல்லிட்டு வந்திருக்கா. கண்ணெல்லாம் கோவம்.

"அண்ணே, அந்த இரும்புப் பொட்டி மாட்டுனதுலேந்து சத்தம் டபுளாச்சு. உள்ள சூடு ஏறுது, ஃபேனு இன்னும் வேகமாச் சுத்துது, தகடு சேந்து அதிருது. அத்தன பேருக்கும் கேக்குது. மதிக்கும் கேக்குது. தெரிஞ்சேதான் அத்த அனுப்புச்சு."

"தெரிஞ்சி எதுக்குமா அனுப்புவா? பைத்தியமா அவ?"

"உங்களுக்குக் காது கேக்கலன்னு உங்க மூஞ்சிக்கு நேராச் சொல்ல அதுக்கு மனசு வர்ல. புக்கு போனாப் போவுதுன்னு இருக்குது."

எனக்கா காது கேக்கலன்னு கேட்டேன். இப்பவும் மூணு தபா கூப்புட்டுப் பாத்துட்டுதான் தோள்ல தட்டுனேன்னா. மார்க்கெட்ல லாரி சத்தத்துல யாருக்குமா கேக்கும்னேன். டீக்கடைல நின்ன மத்த அல்லாரும் திரும்புனாங்கண்ணேன்னு சொல்லிட்டுப் போயிட்டா. கையில டீ ஆறிக்கினு இருந்துச்சு. நான் அத்தக் கீழ ஊத்திட்டு உள்ளாரப் போயிட்டேன்.

சாயங்காலம் வரிக்கும் வேல ஓடல. காது கொஞ்சம் மந்தம்னு எனக்கே உள்ளுக்குள்ள தெரியும்ங்க. ஜல்ப்பு புடிச்சா அப்டித்தான் இருக்கும்னு மனசச் சமாளிச்சிக்கினு இருந்தேன். வெளிய தெரிஞ்சா இன்னா ஆவும்? கிரேன்காரன் கொரலு குடுத்தா காதுல வுழணும், இல்லன்னா பிளேட்டு மேல வந்து வுழும். செவுட்டு ஆள அண்ணாச்சி எதுக்கு வச்சிக்கப் போறாரு. அந்தப் பயம் ஒரு பக்கம். என் முன்னால நின்னு, சுத்தமா இல்ல மாமான்னு சொன்னாளே, அது ஒரு பக்கம். அவளுக்குன்னு வந்த ஒரே ஒரு நல்லத அவளே எனக்காகத் தூக்கிப் போட்டிருக்கா. 

வூட்டுக்குப் போனதும் இரும்புக் கூட்டத் தூக்கி வெளிய வச்சேன். பட்டம்மாக்கா அத்த எடுத்துக்கினு போயி அரிசி கொட்டி வச்சிக்கிச்சு, எலி வராதாம். மறுநாளு டிரில்லிங் மிஷினு எடுத்தாந்து பீரோவுக்குப் பின்னால செவுத்துல ஓட்ட போட்டேன். ஃபிர்தௌஸ் ஃபேனையும் டிஸ்க்கையும் மாத்துனா. நெட்டுக்கு போன நம்பிக்கினு இருந்தா பெரிய ஃபைலு பாதியில நின்னுடுதுன்னு, படிக்கட்டாண்ட கீற நெட்டு கம்பெனி பொட்டிலேந்து ஒரு கேபிளு இழுத்து, ஒரு வைஃபை டப்பாவையும் பட்டம்மாக்கா வூட்லயே வச்சி, அங்கேந்து கம்ப்யூட்டருக்கு நேரா வயரு குடுத்தா. பட்டம்மாக்கா பால்வாடியில ஆயா, பகல்ல வூடு காலி. சாவிய மதிகிட்ட குடுத்துட்டுப் போவும். வைஃபை கெடச்ச சந்தோஷத்துல சாயங்காலம் சீரியல் பாத்துக்கினே பொட்டியத் தொடச்சி வைக்கும், பக்கத்துல யாரையும் குந்த வுடாது.

ரெண்டாவது சாம்பிளு போச்சு. இந்தத் தபா பதில மதியே படிச்சிக் காட்டுனா. சத்தம் துளி கூட இல்ல, சூப்பரு. ஆனா முன்ன அந்தச் சத்தத்துல தெரியல, இப்பதான் கேக்குது, கொரலு கரகரன்னு கீது, தொண்ட கட்டியிருக்கு, சளியா இருந்தா ரெஸ்ட் எடுத்துட்டு அனுப்புங்க, கொஞ்ச நாளு காத்திருக்கோம், முழுப் புக்கையும் இந்தக் கொரல்ல கேக்க முடியாது.

மதிக்குச் சளியே இல்ல. நான் பனங்கல்கண்டு, மிளகு, சித்தரத்தன்னு வாங்கிக் குமிச்சேன். உப்புத் தண்ணி கொப்புளின்னு நின்னுக்கினு கொப்புளிக்க வச்சேன். ஒண்ணும் ஆவல. கம்பெனி குடுத்த கெடுவு போய்க்கினே கீது, கொரலு மட்டும் ரம்பம் மாதிரி அறுத்துக்கினே கீது.

ஒரு நாளு யார்டுல கரண்ட்டு இல்லன்னு சீக்கிரமே வந்துட்டேன். படி ஏறி வரும்போது வராண்டால மதியும் பட்டம்மாக்காவும் முருங்கக்கீர ஆஞ்சிக்கினு பேசிக்கினு இருந்தாங்க. வாய் அசையுது, ரெண்டும் சிரிக்குதுங்க, எனக்கு ஒண்ணுமே கேக்கல. என்னப் பத்திதான் குசுகுசுக்குறாங்கன்னு சுர்ருன்னு ஏறிடுச்சு. நேராப் போயி, இன்னாத்துக்கு ரகசியம் பேசறீங்கன்னு கேட்டுட்டேன். மதி எழுந்து உள்ளாரப் போயிட்டா. பட்டம்மாக்கா கீரையக் கீழ வச்சிட்டு எழுந்து, என் காதாண்ட வந்து நின்னுக்கினு சொல்லிச்சு.

"நாங்க எங்க தம்பி ரகசியம் பேசுனோம்? ஜனங்க பேசற மாதிரிதான் பேசுனோம். மதி என்கிட்ட இப்டித்தான் பேசும், ஃபிர்தௌஸ்கிட்ட இப்டித்தான் பேசும். உன்கிட்ட ஒண்டிதான் கத்தும். காலைல கண்ணு முழிச்சதுலேந்து ராத்திரி படுக்குற வரிக்கும் கத்தும். அந்தத் தொண்ட வேற எப்டி இருக்கும்?"

என் பொண்டாட்டிக்கு இயற்கையிலயே பெரிய தொண்டன்னுதாங்க நான் இத்தினி வருஷமா நெனச்சிக்கினு இருந்தேன். ஆளுங்ககிட்டச் சிரிச்சிக்கினே சொல்லுவேன், எங்க வூட்ல கொழம்புக்கு உப்பு போட்டத யார்டு வரிக்கும் சொல்லுவான்னு. விஹார்ல மைக்கும் ஸ்பீக்கரும் இருக்குது, அதனால கேட்டுச்சு. மத்தபடி அவ நெஜக் கொரலு எப்டி இருக்கும்னு எனக்கே மறந்து போயிருக்கு. ஊருக்கெல்லாம் அந்தக் கொரலு, எனக்கு ஒண்டி கத்தலு. அதுக்குக் காரணமும் நான்தான். படிக்கட்டுலயே குந்திட்டேன். அழுகை வந்துச்சு, அழுதேன், மேல கீழ போன ஜனங்க பாத்தா பாக்கட்டும்னு அழுதேன்.

ஃபேன மாத்துனோம், டிஸ்க்க மாத்துனோம், செவுத்த ஓட்ட போட்டோம், பொட்டிய அடுத்த வூட்டுக்கே அனுப்புனோம். மாத்தாம நின்னது நான் ஒருத்தன்தான்.

மறுநாளு காலைல நேரா அண்ணாச்சி முன்னால போயி நின்னேன். காது போச்சு அண்ணாச்சி, ஆஸ்பத்திரிக்குப் போவணும், வேலைய வுட்டு எடுக்கறதுன்னா எடுத்துக்கங்கன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டேன். அவரு மூக்குக் கண்ணாடியத் தூக்கிப் பாத்தாரு. ஏல, நான் தெனமும் தொண்ட கிழியக் கத்துறது யாருக்குன்னு நெனச்ச, இந்த யார்டுல பாதிப் பேரு உன்ன மாதிரிதாம்லன்னாரு. இனிமே கிரேன் பக்கம் போவாத, வெட்டறதோட நில்லு, காதுக்கு அடைப்பான் போட்டுக்கன்னு சொல்லிட்டு லோடு பாக்கப் போயிட்டாரு. இதுக்குத்தான் இம்மாம் பயந்துக்கினு கெடந்தேன்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரில ஒரு சின்னக் கண்ணாடி ரூமுல குந்த வச்சி, காதுல ஹெட்போன மாட்டி, சத்தம் கேட்டா பட்டன அமுக்கச் சொன்னாங்க. ரொம்ப நேரம் ஒண்ணும் கேக்கல. பயம் வந்து, சொம்மாவே நாலஞ்சு தபா அமுக்கிட்டேன். அந்தப் பொண்ணு கதவத் தொறந்து, சார் நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லன்னுது. மதி வெளிய நின்னுக்கினு கண்ணாடி வழியாப் பாத்துச் சிரிச்சா. அப்பால ஒழுங்காக் குந்திக்கினேன். கொஞ்ச நாளு கழிச்சி ரெண்டு காதுக்கும் மிஷினு குடுத்தாங்க. மாட்டிக்கினு வெளிய வந்தா ரோட்டுல வுட்டாங்க பாருங்க ஆரனு, அப்டியே நடுங்கிட்டேன். கழட்டிப் போட்டுடலாம்னு கூடத் தோணுச்சு. கழட்டல.

வூட்ல மதி பழக்க தோஷத்துல கத்துவா, நான் கையக் காட்டுவேன், கொரல எறக்குவா. முழுசாக் கத்துறத நிறுத்த அவளுக்கும் நாளாச்சு. ஆவ ஆவத் தொண்ட தெளிஞ்சிச்சு. கெடுவு முடியறதுக்கு முந்தின நாளு மத்தியானம் ஃபிரிட்ஜு பிளக்கப் புடுங்கிட்டு, ரஜாய்க்குள்ள குந்திக்கினு, கடைசி சாம்பிளப் படிச்சி அனுப்புனா. நான் அந்த நேரத்துக்கு யார்டுல இருந்தேன், இருந்தாலும் அன்னிக்கு வெட்டுன பிளேட்டு ஒண்ணும் அளவுக்கு வர்ல.

ஒரு வாரமாப் பதிலு இல்ல.  ஒரு சாயங்காலம் வேலேந்து வந்து சட்டையக் கழட்டி மாட்டிட்டு, அவளுக்கு முதுகக் காட்டிக்கினு ஜன்னலாண்ட நின்னு முகம் தொடச்சிக்கினு இருந்தேன். கிச்சன்ல தட்டு வைக்கிற சத்தம் கேட்டுச்சு. அப்பால அவ கொரலு வந்துச்சு. கத்தல. பக்கத்துல குந்தியிருக்கிற ஆளுகிட்டச் சொல்ற மாதிரி, தனக்குத்தானே சொல்லிக்கிற மாதிரி, மெதுவா.

"புக்கு எனக்குத்தான் மாமா."

நான் திரும்பல. "இன்னா?"ன்னேன்.

அவ மூச்ச இழுத்தா, கத்துறதுக்கு. நான் சட்டுன்னு திரும்பிக் கையக் காட்டுனேன்.

"கத்தாத மதி. கேட்டுச்சு. அதே மாதிரி இன்னொரு தபா சொல்லு."

அவ கதவுல சாஞ்சிக்கினா. அப்பால அதே மாதிரி மெதுவாச் சொன்னா.